‘லாம்’ என்று முடியும் விதி

மலைப்பாதையில் பஸ் ஏறினால் எனக்கு இன்னும் தலை சுற்றும், ஐயா. ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சின்ன வயதில் சேலத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொல்வார். இன்று உங்களைப் பார்க்க இறங்கி வந்தபோதும் சட்டைப்பையில் ஒன்று இருந்தது. இந்தத் தேர்தலில் கண்காணிப்புக் குழுக்களுக்கு ஆள் போட்டபோது, மலைப்பாதை முடிந்து ஊர் தொடங்குகிற இடத்துச் சோதனைச் சாவடியை நானே கேட்டு வாங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பாலகுமாரை மடக்குவதற்காகவே அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். பணியிடை நீக்கத்தில் இருப்பவனுக்கு அவசரம் என்ன இருக்கிறது. என் மனைவி தேவகுமாரி காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டால் வீட்டில் நானும் பூனையும்தான்.

முதலில் எங்கள் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வாக்குமூலம் என்றால் படிக்கிறவருக்கு எல்லாம் விளங்க வேண்டும். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறவர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அவருடைய வண்டி ஓடுவது, கொடி, நோட்டீஸ், கூட வருகிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற டீ, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வாக்காளருக்கு இலவசமாக எதையும் கொடுக்கக் கூடாது. புடவையும் குக்கரும் மட்டும் இல்லை, இலவசச் சவாரியும் அதில் சேர்த்தி. இதையெல்லாம் பார்ப்பதற்காகச் சாலையில் ஒரு தடுப்பைப் போட்டு, சாமியானா கட்டி, எங்களை உட்கார வைக்கிறார்கள். குழுத் தலைவராக ஒன்றிய அலுவலகத்திலிருந்து நான். கூட ஏட்டு கிங்ஸ்டன். வீடியோ எடுக்க ஒரு பையன்.

விதிப்புத்தகத்தில் இரண்டு வகை வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று ‘வேண்டும்’ என்று முடியும். இன்னொன்று ‘லாம்’ என்று முடியும். வாகனத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்றால் அதில் பேச்சுக்கே இடமில்லை. சந்தேகம் இருந்தால் பறிமுதல் செய்யலாம் என்றால் செய்யவும் செய்யலாம், விடவும் விடலாம். அந்த ‘லாம்’ அதிகாரியின் நல்ல புத்திக்குக் கொடுத்திருக்கும் மரியாதை என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். என் அனுபவத்தில், மேலே இருப்பவர்கள் போன் பண்ணுவதற்காக விட்டுவைத்த சந்து அது.

போன தேர்தலிலும் நான் இதே வேலையில்தான் இருந்தேன். அப்போது சாவடி அடிவாரத்தில். மாதப்பன் என்று ஒருவர், பல காலமாக ஒன்றியத்தில் பெரிய கை, அவரும் வேட்பாளர். அவருடைய வேன் ஒன்று வந்தது. உள்ளே கூரை வரைக்கும் புடவைப் பெட்டிகள். கல்யாணத்துக்கு என்றார் டிரைவர். யார் கல்யாணம் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. நான் பெட்டியைப் பிரிப்பதற்குள் எனக்குப் போன் வந்தது. யார் பேசினார் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் நீங்கள் எழுதமாட்டீர்கள். ‘பறிமுதல் செய்யலாம்னுதானேப்பா போட்டிருக்கு, செய்யணும்னு போடலியே’ என்று அந்தக் குரல் மிகவும் அன்பாகச் சொன்னது. நான் வேனை விட்டுவிட்டேன்.

அந்த வேனுக்குப் பின்னால் ஒரு ஜீப் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் தன் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறார். அவர்தான் பாலகுமார். செம்மநத்தத்துக்காரர். அந்தப் பக்கம் சாலை குறுகல். பஸ் போன பிறகு யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவருடைய ஜீப்தான் இறங்கி வரும். இருக்கிறவர்கள் டீசல் போடுவார்கள். இல்லாதவர்களிடம் அவர் கேட்பதில்லை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை.

அவர் கொடுத்த புகாரை விசாரித்தது இதே கட்டடத்தில்தான். போன் பண்ணியவரை யாரும் கூப்பிடவில்லை. மாதப்பனைக் கூப்பிட்டார்கள், அவர் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். மிஞ்சியது நான். பாலகுமார் சாட்சி சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

“அதிகாரி இஷ்டம்னு உட்டா, அவிங்க பெரிய மனுசனுக்கு ஒரு மாதிரி வளைப்பாங்க, எங்களுக்கு ஒரு மாதிரி வளைப்பாங்க. விதி வளையவே கூடாதுங்க. யாரா இருந்தாலும் ஒண்ணுதான்னு இருக்கோணும்” என்றார்.

அந்தப் பேச்சை நான் மறக்கவே இல்லை. நல்ல கருத்து என்பதால்தான்.

எனக்குப் பதவி உயர்வு போயிற்று. ராமநாதபுரம் பக்கம் தூக்கியடித்தார்கள். உப்புத் தண்ணீரில் தலைமுடி கொட்டியது. நான் அங்கே இருந்தபோதுதான் அப்பா இறந்தார். அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர், ஆட்களுக்கு வருகை போட்டுச் சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை. செய்தி கிடைத்து, பஸ் மாறி பஸ் மாறி, அந்த வளைவுகளிலெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். எனக்காகத் திறக்கலாமா என்று பாதிரியாரைக் கேட்டார்கள். திறக்கலாம், ஆனால் வேண்டாம் என்றார். உடம்பு தாங்கவில்லையாம். இதைப் பாலகுமாரின் கணக்கில் நான் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு எப்படியோ ஏற்காட்டுக்கே மாற்றல் வாங்கி வந்தேன். அடுத்த தேர்தலும் வந்தது. இந்தத் தடவை மாதப்பனை எதிர்த்து நின்றவர் பாலகுமார். கட்சி கிடையாது. ஜீப்புதான் அவருக்குச் சின்னமும் பிரச்சாரமும். ஊருக்கு ஊர் ஜனங்கள், ‘எங்க ஊட்டு நோவாளியச் சொமந்த வண்டி’ என்று அந்த ஜீப்பின் முகப்பில் மஞ்சள் பூசிப் பூ வைத்தார்கள். ஜெயித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வேட்பாளர்கள் கூட்டத்தில் செலவு விதிகளை நான்தான் வாசித்தேன். இலவசச் சவாரி பற்றி வந்ததும் பாலகுமார் எழுந்தார்.

“ஏனுங்க சார், நோவாளிகள ஏத்திட்டுப் போறதும் லஞ்சத்துல சேருமுங்களா? நோவு எலெக்சன் முடியட்டும்னு காத்திருக்காதுங்களே.”

பின்னால் மாதப்பன் உட்கார்ந்தபடியே, “அப்படி உட்டா, ஓட்டுப் போடற அன்னிக்கு ஊரே நோவாளியாயிருமுங்க” என்றார். சிரித்தார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்படி ஒரு ஓட்டை விட்டால் அதில் புடவை வேனும் நுழையும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

தேர்தல் அதிகாரி ஒரு பெண்மணி. இளையவர், நல்ல மனசுக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உயிர் போகிற அவசரம் என்றால், குழுத் தலைவர் சூழ்நிலையைப் பார்த்து அனுமதிக்கலாம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அந்த வார்த்தையின் கடைசி எழுத்துகளை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் பாலகுமார் என்னிடம் வந்தார். “பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க சார். அன்னிக்கு நான் மாதப்பனத்தான் மாட்ட வைக்கப் பாத்தேன். கடைசில நீங்க மாட்டிக்கிட்டீங்க. எனக்கே நொம்ப வருத்தமுங்க” என்றார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வருத்தப்பட்டவர் அந்த விசாரணையின்போது எழுந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவர் விருப்பம்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

காப்பிப் பழம் பறிக்கிற பருவம். பனி விலகி வெயில் அப்போதுதான் சாமியானாவுக்குள் வந்தது. ஜீப் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. பாலகுமார் தலையை வெளியே நீட்டி, “சார், காட்டுமாடு குத்திருச்சுங்க. தடுப்பத் தூக்கச் சொல்லுங்க” என்றார்.

பின் இருக்கையில் முத்தாயி படுத்திருந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மகள் சுகுணா. விடிந்ததும் காட்டுக்குள் இறங்கியவரைக் காட்டெருமை வயிற்றில் குத்தித் தூக்கிப் போட்டிருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டு ஊசி போட்டு, இதற்கு ஆபரேஷன் செய்து ரத்தம் ஏற்ற வேண்டும், சேலத்துக்கு ஓடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காகக் கரடியூர் போயிருந்தது. அதனால் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். போட்ட கட்டு முழுவதும் சிவந்திருந்தது.

“வண்டிய ஆஃப் பண்ணுங்க” என்றேன்.

“சார், நேரமில்லீங்க.”

“ஆஃப் பண்ணுங்க.”

அவர் நினைத்திருந்தால் தடுப்பை இடித்துக்கொண்டு போயிருக்கலாம். மூங்கில்தான். ஆனால் ஆஃப் பண்ணினார். விதிக்குக் கட்டுப்படுகிறவர். நான் கையை உள்ளே விட்டு சாவியை எடுத்துக்கொண்டேன். வேட்பாளர் வாகனம் என்ற அனுமதிச் சீட்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒன்றிய எல்லைக்குள் மட்டும் ஓட அனுமதி. சேலம் அந்த எல்லைக்கு வெளியே. இதைச் சொன்னேன். பிறகு சுகுணாவிடம், “அம்மாவுக்கு ஓட்டு எந்த வார்டுல?” என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும். வாக்காளரா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் இலவசச் சவாரி குற்றமா இல்லையா என்பது.

சுகுணா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “எங்கம்மாளுக்கு ரத்தம் நிக்கலீங்க. நீங்க ஓட்டக் கேக்கறீங்க” என்றாள்.

அதே வார்டுதான். கிங்ஸ்டன் எனக்குப் பக்கத்தில் வந்து, “சார், உட்டுருங்க சார். அப்பறமா எழுதிக்கலாம்” என்று மெதுவாகச் சொன்னார். விதியில் அப்புறம் என்பது கிடையாது என்று அவருக்கு விளக்கினேன்.

பாலகுமார் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “அன்னிக்குக் கூட்டத்துல அந்தம்மா சொன்னாங்களே சார், அனுமதிக்கலாம்னு.”

“அனுமதிக்கலாம்னுதான் சொன்னாங்க. அனுமதிக்கணும்னு சொல்லல” என்றேன். “வளையவே கூடாதுன்னு சொன்னது நீங்கதானே, பாலகுமார்.”

அவர் முகம் எப்படி ஆயிற்று என்று நான் விவரிக்கத் தேவையில்லை. வீடியோவில் இருக்கிறது. நானும் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பிறகு என் போனை எடுத்து ஓரமாகப் போனேன். அதுவும் வீடியோவில் தெரியும். திரும்பி வந்து, “108-க்குச் சொல்லிட்டேன். இன்னொரு வண்டி அடிவாரத்துல இருந்து ஏறிட்டு இருக்கு. ஜீப்புல உலுக்கிட்டுப் போறத விட அதுல போறதுதான் அவங்களுக்கும் நல்லது” என்றேன். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கிங்ஸ்டன் தன் கையிலிருந்த போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சுகுணாகூட, “நல்லா இருப்பீங்க சார்” என்றாள். நான் ஜீப்பை நிழலில் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.

நாங்கள் காத்திருந்தோம். கீழே வளைவில் எந்த வண்டியின் சத்தம் கேட்டாலும் சுகுணா எட்டிப் பார்ப்பாள். காய்கறி வண்டியாக இருக்கும், சுற்றுலா வேனாக இருக்கும். சாலையோரத் தடுப்புச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. பாலகுமார் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

முத்தாயி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது அப்போதுதான். “ரைட்டரய்யா மவனுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “அய்யா நல்ல மனுசனுங்க. மழைல லேட்டா வந்தாலும் பேரு போட்டுருவாரு” என்றார். பிறகு, “உட்டுருங்க கண்ணு” என்றார்.

ஒரு அரசு ஊழியரைப் பணியில் இருக்கும்போது கண்ணு என்று கூப்பிடுவது முறையில்லை. ஆனால் அந்த நிலைமையில் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. தாமதமாக வந்தவர்களுக்கு முழு நாள் வருகை போட்டது அப்பாவின் பலவீனம். அதற்காக மேனேஜரிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறார். ‘மழைக்கு அவங்க என்னடா பண்ணுவாங்க’ என்பார். அப்படி வளைந்து வளைந்து கடைசி வரை ரைட்டராகவே இருந்துவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் வந்துவிடும், பேசாமல் இருங்கள் என்று முத்தாயியிடம் சொன்னேன்.

அந்த நேரத்தில் மாதப்பனின் கார் இறங்கி வந்தது. நிறுத்திச் சோதித்தேன். டிக்கியைத் திறக்கச் சொன்னேன், இருக்கைக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. யாருக்கும் சலுகை காட்டவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சுகுணா ஓடி வந்து அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். “உங்க கார்லயாவது ஏத்திக்கங்கய்யா.”

மாதப்பன் என்னைப் பார்த்தார். “ஜாபெஸ் சார் சொன்னா ஏத்திக்கறனுங்க” என்றார்.

“நீங்களும் வேட்பாளர்தான். உங்களுக்கும் அதே விதிதான்” என்றேன்.

“விதின்னா விதிதானுங்களே” என்று அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் வளைவில் திரும்பும் வரை பாலகுமார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதை அவர் நேரில் பார்த்தார்.

ஒரு பெங்களூர் காரைக் கிங்ஸ்டன் மறித்து நிறுத்தினார். உள்ளே இருந்த தம்பதி குழந்தைகளைப் பின்னால் தள்ளிவிட்டு இடம் பண்ணத் தொடங்கினார்கள். ஆம்புலன்ஸ் பக்கத்தில் வந்துவிட்டது, நீங்கள் சிரமப்பட வேண்டாம், கிளம்புங்கள் என்று நான்தான் அவர்களை அனுப்பி வைத்தேன். அந்தப் பெண் போகும்போது ஒரு தண்ணீர் பாட்டிலும் துண்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

முத்தாயி பேசுவதை நிறுத்திவிட்டார். சுகுணா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது கிங்ஸ்டன் என் மேஜைக்கு வந்தார். “இதுக்கு மேல என்னால பாத்துட்டு நிக்க முடியாதுங்க சார். நீங்க என்ன வேணாலும் எழுதிக்கங்க” என்று சாவியை எடுத்து பாலகுமாரிடம் எறிந்துவிட்டுத் தானே தடுப்பைத் தூக்கினார். ஜீப் போயிற்று. மேலதிகாரி உத்தரவை மீறியதாக அவர்மேல் நான் அன்றே அறிக்கை கொடுத்தேன். இன்று அவரும் என்னைப்போலச் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. கையெழுத்து என்னுடையது. அதில் ஒரு பொய்கூட இல்லை.

முத்தாயி அடிவாரம் போய்ச் சேரவில்லை. ஒரு வளைவில் ஜீப் திரும்பும்போது தலை சாய்ந்துவிட்டதாம். மடியில் கனம் கூடியது தெரிந்தது என்று சுகுணா சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று சேலத்து டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் உடலைச் சாலையில் வைத்து உட்கார்ந்தார்கள். எங்கள் சாமியானாவைப் பிய்த்தார்கள், நாற்காலிகளைப் பள்ளத்தில் வீசினார்கள். என் வீட்டுக் கண்ணாடி உடைந்தது. தேவகுமாரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் வைப்பாள். பாலகுமார் ஓட்டுக் கேட்கப் போகவே இல்லை. ஜீப்பைப் படுதா போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். ‘நான் அன்னிக்கு வண்டிய ஆஃப் பண்ணிருக்கக் கூடாது’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். மாதப்பன் ஜெயித்தார். வெற்றி ஊர்வலத்தில் முத்தாயிக்காக ஒரு நிமிடம் மேளத்தை நிறுத்தினார்கள்.

பத்திரிகைகளில் இரண்டு விதமாக எழுதினார்கள். அரசியல்வாதியின் செலவைக் கட்டுப்படுத்தும் விதி இப்படி இரும்பாக இருந்தால் மனிதர்கள் சாவார்கள் என்று ஒருவர். இளக்கினால் ஒவ்வொரு புடவை வேனும் ஆம்புலன்ஸ் ஆகிவிடும் என்று இன்னொருவர். இரண்டு பேரும் என்னைத்தான் உதாரணம் காட்டினார்கள். மேலிடத்திலிருந்து இப்போது புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. உயிர் காக்கச் செல்லும் வாகனத்தைத் தடையின்றி அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. அனுப்ப வேண்டும். இதை முன்பே எழுதியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

நீங்களும் காலையிலிருந்து அதைத்தான் கேட்கிறீர்கள். அந்த விதியை நான் புரிந்துகொண்டது சரியா, எனக்கு விருப்புரிமை இருந்ததா, கூட்டத்தில் சொன்னது உத்தரவா ஆலோசனையா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இந்தக் கேள்விகளில் என்னை நீங்கள் தோற்கடிக்க முடியாது, ஐயா. உங்களுக்கே அது தெரிகிறது.

சரியான கேள்வியைக் கேட்டது சுகுணா மட்டும்தான். காரியம் முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. “நாங்க கீழ எறங்குனவரைக்கும் எதுக்கால ஒரு ஆம்புலன்சும் வரலீங்களே சார். ஏனுங்க வரல?” என்றாள். எனக்குத் தெரியாது என்று கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே தேவகுமாரி நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதையேதான் கண்ணால் கேட்டாள்.

கேட்காததையும் சொல்வதுதான் நேர்மை என்று நான் நினைக்கிறேன். அதனால் சொல்கிறேன். வராததற்குக் காரணம், யாரும் கூப்பிடவில்லை. நான் 108-க்குப் போன் பண்ணவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, முத்தாயியின் வயது, காயம், சாவடி இருக்கும் இடம் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எதிர்முனையில் யாரும் இல்லை. இடையில் சுகுணா தன் போனை எடுத்தபோது, ரெண்டு பேர் கூப்பிட்டா அவங்களுக்குக் குழப்பமாயிடும்மா, வெச்சிரு என்றேன். அவள் வைத்துவிட்டாள். அவர்கள் எல்லோரும் அவ்வளவு நேரம் அமைதியாக நின்றதற்குக் காரணம் என் விதி இல்லை, அந்தப் போன்தான்.

முத்தாயி சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மாள்மேல் எனக்கு என்ன இருக்கிறது. பாலகுமார் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்தேன். தன் கண் முன்னால் நடக்கிற ஒன்றைத் தடுக்க முடியாமல், கையைக் கட்டிக்கொண்டு, அவன் நிற்க வேண்டும். மூடிய பெட்டிக்கு முன்னால் நான் நின்றதுபோல அந்த நாய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். இதை நான் கோபத்தில் செய்யவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.